போர்க்காலத்தில் ஒரு வானொலி வணிகர்

வாணிகம் அமைதியின் குழந்தை. சாலை திறந்திருத்தல், கடல்வழி காவலுடைத்தாதல், நாணயத்தின் மதிப்பு நிலைத்தல், கொள்வோர் கையிற் பொருள் உளதாதல் ஆகிய நான்கும் கூடியவிடத்தே கடை விளங்கும். இந்நான்கனுள் ஒன்று குறையினும் வணிகன் உறக்கம் இழப்பான். போர் வந்துற்றபோதோ இவை நான்கும் ஒருங்கே தளர்கின்றன. ஆதலின் போர்க்கால வணிகர் என்றவுடன் நம் நினைவிற்கு வருவோர் இருவகையினரே. ஒரு வகையினர், சரக்கின்றிக் கடையைச் சாத்தி ஊரைவிட்டு நீங்கியவர். மற்றொரு வகையினர், இருந்த சரக்கைப் பதுக்கிவைத்துப் பிறர் பசியையும் அச்சத்தையும் விலையாக்கிக் கொழுத்தவர். முன்னவர்க்கு உலகம் இரங்குகின்றது; பின்னவரை வைகின்றது.

இவ்விருவரினும் வேறாய மூன்றாமவர் ஒருவர் உளரோ? போரின் நடுவே தொழிலை வளர்த்தும், பழிக்கு அஞ்சி நின்றும், போர் முடிந்தபின் தம்பாற் பொருள் கொள்வாரை நேரே நோக்க வல்லவராயும் ஒரு வணிகர் இருத்தல் இயலுமோ? கடையையும் கணக்கையுமே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் நம் சமூகத்தில் மிகுதி. அவர்கள் இவ்வினாவை ஆராய்தல் தக்கதென எண்ணி, இரண்டாம் உலகப்போரின் காலத்தே வானொலித் தொழிலை நடத்திய ஓர் அமெரிக்கரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க முற்பட்டோம். அவர் பெயர் பால் கால்வின். ‘மோட்டொரோலா’ என்னும் பெயரை உலகறியச் செய்தவர் அவரே.

கால்வின் 1895-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் ஹார்வார்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். இது புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கும் இடமன்று. புகைவண்டிகள் நின்று செல்லும் ஒரு சிற்றூரே. சிறுவராயிருந்தபோது அவ்வூர் நிலையத்தில் பிரயாணிகளுக்குச் சோளப்பொரி விற்றதே அவரது முதல் வாணிகம். பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு கற்றார். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் அதிகாரியாய்ப் பிரான்சு நாட்டிற் பணிபுரிந்தார். போர்க்களத்தில் ஓர் அணி மற்றோர் அணியோடு பேச இயலாமையால் விளையும் கேட்டை அவர் ஏட்டில் மட்டும் படித்தவரல்லர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

போரினின்று மீண்டபின் 1921-இல் எட்வர்டு ஸ்டூவர்ட் என்னும் நண்பருடன் கூடி, விஸ்கான்ஸின் மாநிலத்து மார்ஷ்ஃபீல்டு நகரில் மின்கலம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அது 1923-இல் மூடப்பட்டது. சின்னாள் பிறரிடம் ஊழியம் புரிந்தபின், அதே நண்பருடன் சிக்காகோ நகரில் மீண்டும் தொழில் தொடங்கினார். அதுவும் 1928-இல் முறிந்தது. இரண்டு முறை முறிந்தவரை எந்த ஊரிலும் கடன் கொடுப்போர் எளிதில் நம்பார். எனினும் முறிந்த அத்தொழிலுள் முறியாத பொருள் ஒன்று இருந்தது. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் மின்கலங்களைக் கொண்டே இயங்கின. அவை விரைவில் தீர்வன, விலைமிக்கன, சிலபோது அமிலம் ஒழுகித் தரைவிரிப்பைக் கெடுப்பன. வீட்டிற்கு வரும் மின்சாரத்தையே பெட்டிக்கேற்ற மின்சாரமாக மாற்றித் தந்து, மின்கலத்தின் தேவையை நீக்கும் கருவி ஒன்றை அவ்விருவரும் ஆக்கியிருந்தனர். கம்பெனியின் உடைமைகள் ஏலத்திற்கு வந்தபோது, அக்கருவியின் உரிமையையும் அதனைச் செய்யும் சாதனங்களையும் கால்வின் 750 டாலர் கொடுத்து மீட்டார்.

1928 செப்டம்பர் 25-ஆம் நாள், தம் இளவல் ஜோசப்புடன் சேர்ந்து கால்வின் உற்பத்திக் கம்பெனியை நிறுவினார். அன்று அவர்பால் இருந்த ரொக்கம் 565 டாலர், பணியாளர் ஐவர். ஒரு நடுத்தரப் பாத்திரக்கடையின் முதலினும் இது பெரிதன்று.

அக்கருவியும் நெடுநாள் நிலைக்கவில்லை. வீட்டு மின்சாரத்தில் நேரே இயங்கும் வானொலிப் பெட்டிகள் கடைக்கு வந்தமையால், இடையே நிற்கும் கருவிக்கு வேலையில்லாது போயிற்று. 1929 அக்டோபரிற் பங்குச்சந்தை வீழ்ந்தது. நாடெங்கும் வறுமை சூழ்ந்தது. விலைபோகாத வானொலிப் பெட்டிகள் கடைதோறும் அடக்கவிலைக்கும் குறைவாகத் தள்ளப்பட்டன. பிறர் பலர் விற்கும் பொருளையே தாமும் விற்றால் பிழைப்பில்லை என்பதைக் கால்வின் உணர்ந்தார். மோட்டார் வண்டிக்குள் வானொலியை அமைத்தால் என்ன என்னும் எண்ணம் அப்போது எழுந்தது. அஃது எளிதன்று. எஞ்சினில் தெறிக்கும் மின்பொறிகள் ஒலியைக் குலைக்கும். சாலையின் அதிர்ச்சி உறுப்புக்களைத் தளர்த்தும். வண்டிக்குள் இடமோ குறுகியது. இவ்விடர்களையெல்லாம் அவருடைய தொழிலாளர் ஒவ்வொன்றாகக் களைந்தனர். 1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் நகரில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு கூடியது. உள்ளே காட்சிக்கடை அமைக்கப் பணமில்லை. ஆதலின் கால்வின் சிக்காகோவினின்று தம் வண்டியையே வானொலியுடன் ஓட்டிச்சென்று, மாநாட்டு மண்டபத்திற்கு அருகே நிறுத்தி, வருவோர் போவோர் கேட்கப் பாடவிட்டு, ஆணைகளைப் பெற்றார். மோட்டார் என்பதனோடு, அக்காலத்து இசைப்பெட்டிகளின் பெயரீறாக வழங்கிய ‘ஓலா’ என்பதனைக் கூட்டி, ‘மோட்டொரோலா’ எனப் பெயரிட்டார்.

முதலில் அதன் விலை 110 முதல் 130 டாலர் வரை. புதிய ஃபோர்டு வண்டி ஒன்றையே அறுநூறு டாலருக்குள் வாங்கலாம் என்றிருந்த காலம் அது. இவ்விலையில் அது செல்வர் விளையாட்டாகவே நின்றிருக்கும். 1934-இல் பி. எஃப். குட்ரிச் என்னும் டயர்க் கம்பெனியின் கடைகளில் வானொலியை விற்கவும் வண்டியிற் பொருத்தித் தரவும் ஏற்பாடு செய்யப்பட்டது. பொருத்துங் கூலியுடன் விலை 55 டாலராயிற்று. டயர் மாற்ற வந்தவன் வானொலியும் கொண்டு போனான். பொருளை ஆக்குவோர் கால்வின். அதனை மக்கள் கையிற் சேர்ப்போர் ஊர்தோறும் இருந்த கடைக்காரர். கடைக்காரரின்றேல் தாம் இல்லை என்பது அவர் தொழிலின் அடிப்படை. போர் வந்தபோது இவ்வடிப்படையே ஆட்டங் கண்டது.

1936-இல் கால்வின் மனைவியோடும் மகனோடும் ஐரோப்பாவிற் பிரயாணஞ் செய்தார். ஜெர்மனியின் நிலையை நேரிற் கண்ட அவர், பெரும்போர் அண்மையில் உளது என்னும் உறுதியுடன் மீண்டார். மீண்டவுடன் தம் ஆராய்ச்சிப் பகுதியினரை நோக்கி, படைக்கு உதவக்கூடிய துறைகளிற் கருத்தைச் செலுத்துமாறு பணித்தார். அவ்வாண்டிலேயே போலீசார் வண்டிகளுக்கென ஒருவகை வானொலியும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வீடுகளுக்குரிய வானொலிப் பெட்டிகளையும் அவர் விற்கத் தொடங்கினார்.

ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். போர் வரும் என அறிந்த வணிகன் என் செய்வான்? பெரும்பாலார் சரக்கை வாங்கி அடுக்குவர். விலையேறும் நாளுக்குக் காத்திருப்பர். அரிசி பதுக்கியோரும் துணி பதுக்கியோரும் எல்லா நாட்டிலும் அதனையே செய்தனர். கால்வினும் வருவது அறிந்தவரே. ஆயினும் அவர் சேர்த்தது சரக்கையன்று, தொழிலறிவை. பதுக்கிய சரக்கு விற்றால் தீரும். விற்றவன் மீண்டும் வெறுங்கையனாவான். சேர்த்த தொழிலறிவோ பயன்படுந்தோறும் பெருகும். அது பிறர் வாயினின்று பறித்ததும் அன்று. முன்னறிவு ஒன்றேயாயினும், அதனைப் பயன்கொள்ளும் நெறி இரண்டு என்பது இதனாற் பெறப்படும்.

1939 செப்டம்பரில் ஐரோப்பாவிற் போர் மூண்டது. 1940-இல் கால்வினின் பொறியாளர் அமெரிக்கப் படையினரின் பயிற்சியை நோக்கி, காலாட்படையின் வானொலிக் கருவிகள் மிகக் கனமாயிருத்தலைக் கண்டனர். பேசவும் கேட்கவும் வல்ல கருவி ஒன்றை ஒருவன் ஒரு கையிலேயே பிடிக்குமாறு செய்தல் வேண்டும் என்பது அவர்கள் கொண்ட குறிக்கோள். அதன் விளைவே ‘ஹேண்டி டாக்கி’. படையினர் அதற்கு எஸ். சி. ஆர். 536 எனப் பெயரிட்டனர். எடை ஏறத்தாழ ஐந்து பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ. நிலத்தின்மேல் ஒரு மைல் அளவும், கடல்நீரின்மேல் மூன்று மைல் அளவும் அதன் குரல் செல்லும். அதனை இயக்கத் தனி விசை இல்லை. அலைக்கம்பியை வெளியே இழுத்தாற் கருவி விழித்துக்கொள்ளும். உள்ளே தள்ளினால் உறங்கும். குண்டுமாரியின் நடுவே விசையைத் தேடி நிற்க எவனுக்குப் பொழுதுண்டு? பயன்படுத்துவோன் நிலையைத் தன் நிலையாக எண்ணிப் பொருள் செய்தமை இச்சிறு அமைப்பிலேயே விளங்குகின்றது. போர் முடிவதற்குள் இத்தகைய கருவிகள் ஏறத்தாழ 1,30,000 செய்யப்பட்டன. 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரர் பலர் கையிலும் இஃது இருந்தது.

1941 டிசம்பரில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. அதன் பின் கடைக்காரர்க்கு வந்த இடர் சிறிதன்று. 1942 ஜனவரியில் டயர்கள் பங்கீட்டு முறையின்கீழ் வந்தன. பிப்ரவரியிற் பொதுமக்களுக்கான மோட்டார் வண்டி செய்தல் நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 22-ஆம் நாளோடு பொதுமக்களுக்கான வானொலிப் பெட்டிகள் செய்தலும் அரசாங்க ஆணையால் நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் பெட்ரோலும் நாடெங்கும் அளந்தே தரப்பட்டது. வண்டியில்லை, டயரில்லை, பெட்ரோலில்லை, வானொலியில்லை. வண்டி வானொலி விற்ற கடைக்கு இனி விற்க எஞ்சியது யாது?

எஞ்சியது பழுதுபார்க்கும் தொழில் ஒன்றே. போர்ச்செய்தி கேளாத வீடு அந்நாளில் இல்லை. ஆதலிற் பழைய பெட்டி வாய்மூடினால் வீட்டார் உடனே கடைக்காரரை நாடினர். வால்வுகளும் மின்கலங்களும் படைக்கே முதலிற் சென்றமையால் கடைகளில் அவை அரியவாயின. ஒரு வால்வு கிடையாவிடின் மற்றொன்றைப் பொருத்தியும், கெட்ட இரண்டு பெட்டிகளைப் பிரித்து நல்லதொன்றை ஆக்கியும் சிறுகடைக்காரர் ஊர்க்கு உதவினர். பெட்டி விற்றுப் பெறும் இலாபம் இதில் இல்லை. எனினும் அந்த நான்காண்டும் கடையைத் திறந்து வைத்திருந்தவனையே ஊரார் பின்னர் நம்பி வந்தனர்.

இங்கிலாந்து நாட்டு வானொலிக் கடைகளின் நிலை இன்னும் கடியது. பி. பி. சி. நிலையத்தார் 1939 செப்டம்பர் முதல் நாளே தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தினர். அது மீண்டது 1946 ஜூன் 7-ஆம் நாளிலேதான். ஆகவே விற்ற தொலைக்காட்சிப் பெட்டிகள் ஏறத்தாழ ஏழாண்டு வெறும் மரப்பேழைகளாயின. வானொலித் தட்டுப்பாடு பொறுக்கவொண்ணாதபோது, 1944-இல் உற்பத்தியாளர் பலரும் கூடி ஒரே அமைப்பில் ‘போர்க்காலப் பொதுமக்கள் வானொலி’ என்பதனைச் செய்தனர். அதன்மேல் எந்தக் கம்பெனியின் பெயரும் விளம்பரமாகப் பொறிக்கப்படவில்லை. அணியில்லாத எளிய மரப்பெட்டி. விலை 12 பவுன் 3 ஷில்லிங் 4 பென்ஸ் என வரையறுக்கப்பட்டது. பல்லாண்டு வளர்த்த பெயரையும் போர் ஒரு நாளில் மறைத்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கால்வினுக்கும் அவ்வச்சம் இருத்தற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலை இரவும் பகலும் இயங்கியது. ஆனால் கடைத்தெருவில் அவர் பொருள் இல்லை. வாங்குவோன் ஒருவனே, அவன் அரசாங்கம். ஒருவனையே நம்பிய வாணிகம், அவன் ‘போதும்’ என்ற நாளில் வீழும். வளர்ச்சியின் நடுவே மறைந்திருந்த இவ்விடரை மறந்தோர் பலர் போருக்குப்பின் கெட்டனர்.

இனி, அவர் ஆட்களைத் தேர்ந்த முறையைக் கூறுவோம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டேனியல் நோபிள் என்னும் ஆசிரியர் இருந்தார். எஃப். எம். என்னும் புதிய ஒலிபரப்பு முறையால் அம்மாநிலத்துப் போலீசார்க்கு இருவழிப் பேச்சுக்குரிய அமைப்பொன்றை அவர் ஆக்கித் தந்திருந்தார். இரைச்சல் மிக்க இடத்திலும் குரலைத் தெளிவாகத் தருவது அம்முறை. கால்வின் 1940-இல் அவரை அழைத்துத் தம் ஆராய்ச்சியை ஒப்படைத்தார். ஹென்ரிக் மக்னுஸ்கி என்பவர் போலந்து நாட்டுப் பொறியாளர். தொழில்நுட்பம் கண்டறிய 1939-இல் அமெரிக்கா போந்த அவர், தாய்நாடு பகைவர் கைப்பட்டமையால் மீள வழியின்றி நின்றார். அவரும் கால்வின் கம்பெனியிற் பணி பெற்றார். வகுப்பறையினின்று ஒருவரும், நாடிழந்து ஒருவரும் வந்து கூடியதன் பயனே முதுகிற் சுமக்கும் ‘வாக்கி டாக்கி’ ஆகிய எஸ். சி. ஆர். 300. எடை முப்பத்திரண்டு பவுண்டிற்கு மேற்பட்டது. மூன்று மைல் அளவு பேச வல்லது. நாற்பத்தொரு அலைகளுள் வேண்டியதைத் தெரிந்துகொள்ளும் அமைப்புடையது. ஏறத்தாழ ஐம்பதினாயிரம் செய்யப்பட்டன. இத்தாலியிலும் பிரான்சிலும் பசிபிக் தீவுகளிலும் காலாட்படைக்கு அது செவியும் வாயும் ஆயிற்று.

இக்கருவிகளுக்கு உயிர்நாடியாவது படிகக்கல்லின் மெல்லிய சீவல். அதுவே அலையின் அளவைப் பிறழாது காப்பது. நல்ல படிகம் பெரும்பாலும் பிரேசில் நாட்டினின்று வரவேண்டும். அதனை அறுத்துத் தேய்த்து அளவுபடுத்தல் மிக நுண்ணிய கைத்தொழில். போருக்குமுன் அமெரிக்காவில் ஆண்டொன்றிற்குச் செய்யப்பட்டவை ஏறத்தாழ ஒரு லட்சம். போர் முற்றியபோதோ ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் வேண்டியிருந்தன. இத்தேவையை ஒரு தொழிற்சாலை தனித்து நிறைவேற்றல் இயலாது. சிறுசிறு பட்டறைகள் பல ஊர்களில் எழுந்தன. பெண்டிர் பல்லாயிரவர் இத்தொழிலைக் கற்றனர். எல்லாரும் வாழ்ந்தாலன்றித் தாம் வாழமுடியாது என்னும் உண்மையைப் போர் அக்காலத்து வணிகர்க்குக் கற்பித்தது.

இவ்வாறு தொழில் ஓங்கிய நாட்களிலேயே கால்வினின் இல்லம் இருண்டது. 1942 அக்டோபரில் அவர் மனைவியார் தம் வீட்டிலேயே கொலையுண்டார். கொன்றவர் யாவர் என்பது துலங்கவில்லை. 1944-இல், தொடக்கநாள் முதல் தோளோடு தோள் நின்ற இளவல் ஜோசப்பும் இறந்தார். இடையே 1942 முதல் 1944 வரை நாட்டு வானொலி உற்பத்தியாளர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பும் அவர்மேல் இருந்தது. வீட்டுத் துயரைக் காட்டித் தொழிலைக் கைவிட்டிருப்பின் உலகம் அவரைப் பழித்திராது. அவர் கைவிட்டிலர். தலைமை என்பது உயர்ந்த இருக்கையன்று; தன் மனம் உடைந்த நாளிலும் பிறர் தன்னை நம்பி வரும்போது எழுந்து சென்று கதவைத் திறத்தலே அஃதாம்.

இப்போது நம் முதல் வினாவிற்கு வருவோம். போரால் வந்த செல்வம் அறத்தொடு பட்டதாகுமா? கால்வின் செய்தவை துப்பாக்கியல்ல, பேசுங் கருவிகளே எனக் கூறித் தப்பல் நேர்மையன்று. அக்கருவியின் வழியே காயமுற்றோர்க்கு உதவி வந்தது. அதே கருவியின் வழியே பீரங்கிக்குக் குறியும் சொல்லப்பட்டது. போரில் ஒரு பொருளை நற்பயனுக்கென மட்டும் பிரித்து விற்றல் எவராலும் இயலாது. ஆகவே அறத்தை வேறிடத்தில் தேடல் வேண்டும்.

முதலாவது, அத்தொழிலின் ஊதியத்திற்கு எல்லை இருந்தது. அமெரிக்க அரசாங்கம் 1940-இல் மிகை இலாப வரியை விதித்தது. அதன் உச்ச விகிதம் 1942-இல் நூற்றுக்குத் தொண்ணூறாகவும், பின்னர் தொண்ணூற்றைந்தாகவும் உயர்ந்தது. மேலும், 1942 ஏப்ரலில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றால், படைக்குப் பொருள் கொடுத்தோர் பெற்ற இலாபம் அளவிறந்ததாயின் ஒப்பந்தத்தை மீண்டும் ஆராய்ந்து மிகையைத் திரும்பப் பெறும் உரிமை அரசாங்கத்திற்கு வந்தது. இவ்வரம்பு எல்லார்க்கும் ஒப்ப இருந்தமையின், பேராசை வணிகனுக்கு நல்ல வணிகன் தோற்கும் நிலை பெரிதும் நீங்கிற்று. நல்லோரின் நேர்மையை மட்டும் நம்பாது சட்டத்தாலும் வேலியிட்டமை அந்நாட்டார் அறிவுடைமை. நம் வணிகர் வரியென்றால் முகஞ்சுளிப்பர். ஆயின் போர்க்காலத்து வரி, வணிகரைப் பழியினின்று காக்கும் கவசமும் ஆகும் என்பதை ஆராய்ந்து தெளிக.

இரண்டாவது, பொருளின் தரம். வாங்குவோன் வேறுவழியில்லாதபோது மட்டமான பொருளைத் தள்ளுதல் எளிது. போர்க்களத்து வீரன் கடைக்குத் திரும்பி வந்து வழக்காட மாட்டான். கருவி பழுதாயின் அவனே இரான். கேட்பாரற்ற இடத்திலும் பிறர் பொருளைத் தன் பொருள்போற் பேணுதலே நடுவுநிலைமை. திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக்குறள் வாணிகரைக் குறித்ததாயிருத்தலின் நுட்பத்தைக் கற்றோர் அறிவர். விலையிற் பொய்யாமை வாணிக அறத்தின் பாதி. தரத்திற் பொய்யாமை மற்றைப் பாதி.

மூன்றாவது, போர் முடிந்தபின் செய்தது. வளர்ச்சிக்கு வேண்டிய முதலைப் பெறும்பொருட்டு 1943-இல் கம்பெனியின் பங்குகள், பங்கொன்று 8.50 டாலராக, முதன்முறை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1945-இற் போர் ஓய்ந்தது. அரசாங்கத்தின் ஆணைகள் நின்றன. அப்போது நாடெங்கும் மக்கள் கையிற் சேமித்த பணம் இருந்தது. கடைகளிற் சரக்கு இல்லை. இத்தகைய வேளையில் எவ்விலை சொன்னாலும் கொள்வோர் கொள்வர். 1947-இல் கம்பெனி மோட்டொரோலா எனப் பெயர் மாறியது. தொலைக்காட்சிப் பெட்டித் தொழிலிலும் இறங்கியது. கால்வின் குறித்த விலை 179 டாலர் 95 சென்ட். முதலாண்டிலேயே ஒரு லட்சம் பெட்டி விற்றல் வேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கு. இவ்விலைக்குக் கட்டாது என்றும், இத்தனை விற்பதாயின் நாட்டின் முன்னணி நால்வருள் ஒருவராதல் வேண்டும் என்றும் அவருடைய அதிகாரிகளே தயங்கினர். அவ்விலையிலும் அத்தொகையிலும் இலாபம் காட்டாத கணக்கைத் தம்மிடம் கொணரவேண்டா என மறுத்துவிட்டார் கால்வின். ஓராண்டிற்குள் ஒரு லட்சம் பெட்டிகள் விற்றன. பஞ்சத்தின் விலையைக் கேட்காது, பலரும் வாங்கும் விலையை நாடியதனால், நான்காண்டு வெறுந்தட்டுடன் காத்திருந்த சிறுகடைகளும் உயிர்பெற்றன. அவ்வாண்டே தொழிலாளர்க்கு இலாபத்திற் பங்களிக்கும் ஏற்பாடும் தொடங்கிற்று.

போரில் வளர்ந்தும் போருக்குப்பின் வீழ்ந்தும் போன கம்பெனிகளுக்கும் கால்வினுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. போரை அவர் ஊற்றென எண்ணவில்லை; இடையில் வந்த பெருமழையென எண்ணினார். மழைநீரை நம்பிக் கிணற்றைத் தூர்ப்பவன் கோடையில் என் செய்வான்? கடைக்காரரும் குடும்பத்தாருமே அவர்தம் கிணறு.

கால்வின் 1959 நவம்பர் 5-ஆம் நாள் இறந்தார். 1956-லேயே தலைமைப் பொறுப்பு அவர் மகன் ராபர்ட்டிடம் சென்றிருந்தது. கையில் எடுத்துச் செல்லும் தொலைபேசியில் 1973 ஏப்ரல் 3-ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்று பேசிக் காட்டிய மார்ட்டின் கூப்பரும் மோட்டொரோலாவின் பொறியாளரே. தொலைக்காட்சித் தொழில் 1974-இல் ஜப்பானிய மட்சுஷிதா கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2011 ஜனவரியில் கம்பெனி இரண்டாகப் பிரிந்தது. கைப்பேசிப் பகுதி பின்னர் சீன நாட்டு லெனோவோவின் கைக்குச் சென்றது. போலீசார்க்கும் தீயணைப்போர்க்கும் இருவழி வானொலி செய்யும் பகுதி வேறு கம்பெனியாய் நின்றது. எவர் வாணிகமும் என்றும் ஒரே வடிவில் நிலைப்பதன்று. ஆயினும் போர்க்காலத்திற் கற்ற தொழில், போரில்லாத நாளிலும் உயிர்காக்கும் தொழிலாய்த் தொடர்தல் மகிழ்தற்குரியதே.

இவ்வரலாற்றினின்று நம்மவர் கொள்ளற்பாலன சிலவற்றைத் தொகுத்துக் கூறி முடிப்போம். இடர்க்காலம் வருமுன் சரக்கைப் பதுக்காது, தொழிலறிவைப் பெருக்குக. வாங்குவோன் ஒருவனேயாய்விட்ட காலத்தும், நாளை மீளும் பலரை மறவாதிருக்க. விற்கப் பொருளில்லாத நாளிலும் பழுதுபார்த்தேனும் கடையைத் திறந்து வைக்க. ஆட்களைத் தேருங்கால் ஊரும் உறவும் நோக்காது வல்லமை நோக்குக. நாடிழந்து வந்த ஒருவரும், பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரும் ஒரு பெருந்தொழிலின் தூண்களாயினர் என்பதை நம் சமூகக் கடைகளின் தலைவர்கள் சிறப்பாக எண்ணுக. உறவினரையே கல்லாவில் இருத்தும் வழக்கம் நம்மிடை வேரூன்றியுள்ளது. அது நம்பிக்கைக்கு உதவலாம். வளர்ச்சிக்கு உதவுமோ என ஒவ்வொருவரும் தம் கணக்கைப் பார்த்தே கூறுக.

இறுதியாக ஒன்று. போர் ஓய்ந்த பின்னரும் ஊரார் ஒரு கடையின் படியேற மனம் கூசாராயின், அக்கடைக்குரியவர் போரில் வென்றவரே. அவ்வெற்றியை நம் வணிகர் யாவரும் எய்துவாராக. அதற்குப் போர் ஒன்று வாராமலே ஒழிவதாக.